எட்டு விழுக்காட்டுக்கு மேற்பட்ட

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் தளத்தில் லிஃப்ட் இன்றும் இரண்டு அங்குலம் தாழ்ந்தே நின்றது. தட்டச்சர் அம்மாள் இடறி விழப் பார்த்தார். கோப்புகள் நடைவழியெங்கும் சிதறின. நானே ஓர் அறிவிப்பு எழுதி லிஃப்ட் வாயிலருகே ஒட்டினேன். "எச்சரிக்கை: இத்தளத்தில் லிஃப்டின் தரை இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கும், வெளியேறுவோர் காலை உயர்த்தி வைக்கவும்." அந்தக் காற்புள்ளியைப் பற்றி உதவியாளர்கள் சிரித்திருப்பார்கள். அலுவலகத்தில் என் பட்டப்பெயர் ‘காற்புள்ளி’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் நிறுவனத்தில்தான் தம்பி மெக்கானிக். போன வாரம் வந்தான். மட்டம் காட்டும் தகடு நகர்ந்திருக்கிறதாம். திருகை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். கை ஆடக் கூடாது. அவன் கை ஆடியது. பெட்டியை மூடிவிட்டு, "நாளைக்கு வந்து பாக்கறேண்ணா" என்றான். பகல் பதினொரு மணிக்கு அவன் மேல் அந்த வாடை. நான் பராமரிப்புப் பிரிவுக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்பு எழுதினேன்.

புதிய தீர்வை விதிகளின் வரைவு என் மேசையில் இருக்கிறது. இதுவரை மதுவின் மீதான தீர்வை போத்தலின் விலையைப் பொறுத்தது. ஆகவே மலிவாகவும் கடுமையாகவும் இருக்கும் சரக்குக்கே மிகக் குறைந்த தீர்வை. இனி அப்படியன்று. உட்பிரிவு ஏழு: "எட்டு விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் செறிவுடைய பானம் ஒவ்வொன்றும் உயர்வீதத் தீர்வைக்கு உட்பட்டதாகும்."

தம்பி குடிப்பது பன்னிரண்டு விழுக்காடு. குப்பைத்தொட்டியில் கிடந்த போத்தலின் சீட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு விதி யாரை நினைத்து எழுதப்படுகிறது என்று குறிப்பிடக் கோப்பில் இடம் கிடையாது. இங்கே எழுதலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கருத்துக் கேட்புக் கூட்டம். மது உற்பத்தியாளர் சங்கத்தின் சார்பில் பதினொரு பேர், வண்ணப் படங்களுடன் ஓர் அறிக்கை, ‘பொறுப்புடன் அருந்துங்கள்’ என்றொரு கையேடு. காலை முழுவதும் அவர்கள் பேசினார்கள். கதவோரக் கடைசி நாற்காலியில் பொது மருத்துவமனையின் கல்லீரல் வார்டு மருத்துவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், உறங்காத கண்கள். அவருக்கு ஐந்து நிமிடம். விலை ஏறினால் அதிகம் குடிப்பவர்களும் குறைக்கிறார்கள், சில மாதங்களிலேயே கட்டில்களில் அது தெரிகிறது என்றார். பிறகு சங்கத்தாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கே எல்லாரும் உங்க கையேட்டுல இருக்கற மாதிரி பொறுப்பா குடிச்சா, உங்க விற்பனையில எவ்வளவு மிஞ்சும்?" எங்கள் துறையின் இயக்குநர் அம்மையார் கடிகாரத்தைப் பார்த்து நேரம் முடிந்தது என்றார்.

தேநீர் இடைவேளையில் பழைய அறைநண்பர் என் தோளில் கை வைத்தார். ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து விதி எழுதியவர்கள் நாங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுச் சங்கத்துக்கு ஆலோசகராகப் போனார். முகத்துக்கு நேரே என்னைக் ‘காற்புள்ளி’ என்று அழைப்பவர் அவர் ஒருவரே.

வரைவைப் புகழ்ந்தார். தம்பியை விசாரித்தார். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல்: "ஏழாவது மட்டும் உன் கை மாதிரி இல்லப்பா. ‘குறையாத’ன்னு எதிர்மறையில போட்டிருக்க. உன் கையேட்டுலயே நாலாவது விதி என்ன?"

வரைவுக் கையேடு நான் எழுதியது. விதி நான்கு: நேராகச் சொல்லக்கூடியதை எதிர்மறையில் சொல்லற்க. எனக்கு முகம் சூடேறிவிட்டது.

"‘மேற்பட்ட’ன்னு போடு. படிக்கறவனுக்கு லகுவா இருக்கும்" என்றார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தீர்வையைக் குறைக்கச் சொல்லவில்லை. எந்தச் சலுகையும் கோரவில்லை. சங்கத்துக்குப் போன பிறகும் மொழியை மறக்கவில்லையே என்று மகிழ்ந்தேன்.

மார்ச் 12, புதன்

உட்பிரிவு ஏழைத் திருத்தினேன்: "எட்டு விழுக்காட்டுக்கு மேற்பட்ட." வாசித்துப் பார்த்தேன். ஓடை போல் ஓடுகிறது.

ஜூன் 2, திங்கள்

விதிகள் நேற்று நடைமுறைக்கு வந்தன. மாலையில் தம்பி வெறுங்கையோடு வீடு திரும்பினான். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "உங்க ஆபீஸ்காரங்க கை வைக்காத இடமே இல்லையாண்ணா?" என்றான். அவன் குடிக்கும் போத்தல் ஒன்றின் விலையில் முன்பு இரண்டு வாங்கலாமாம். என் மனைவி, "அப்போ பாதியா குறைச்சுக்கோங்க தம்பி. கணக்கு சரியா வரும்" என்றாள். அவள் மருந்தகத்தில் வேலை செய்பவள். அளவு சொல்வது அவளுக்குத் தொழில்.

ஜூலை 20, ஞாயிறு

தம்பி காலையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பின்னறையில் தனியாகச் சாப்பிடாமல் எங்களோடு உட்கார்ந்தது இந்த ஆண்டில் இதுவே முதல் தடவை. அவன் மனைவி மகளை அழைத்துக்கொண்டு போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவன். விருந்தாளியைப் போலவே இருப்பான். இன்று தட்டை எடுத்துப்போய்க் கழுவினான். சுவரில் ஓராண்டாக நின்றுபோயிருந்த கடிகாரத்தைக் கழற்றி ஓட வைத்தான். திருகாணியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டம் இருக்கிறது, ஆனால் குறைவு.

"வாரத்துல ரெண்டு நாள்தாண்ணா. அதுக்கு மேல கட்டுப்படி ஆகல" என்றான், வெட்கப்பட்டவன்போல.

பதினைந்து ஆண்டுகளாக நான் கெஞ்சியும் திட்டியும் சத்தியம் வாங்கியும் நடக்காதது, அரசிதழில் ஒரு பத்தியால் நடந்திருக்கிறது. கர்வப்பட்டேன். எழுதிவைக்க வேண்டும்: கர்வப்பட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மனைவி பின்னறையைப் பெருக்கப் போனவள், கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். உள்ளே திருப்புளிகளுக்கு அடியில் ஐந்து காலிக் கேன்கள். நீளமானவை, ஒவ்வொன்றும் முக்கால் லிட்டர் பிடிக்கும். மேலே பழங்களின் படம், குழந்தைகளின் மிட்டாய்த்தாளைப்போல நிறம்.

"ஜூஸ் மாதிரிதாண்ணா. லைட்டு" என்றான் தம்பி. ஒரு மாதமாகக் கடைகளில் கிடைக்கிறதாம். பழைய போத்தலின் பழைய விலைகூட இல்லையாம்.

கேனைத் திருப்பினேன். எழுத்துகள் சிறியவையாக இருக்கும் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். தேவைப்படவில்லை. முன்பக்கத்திலேயே, பெருமை பேசுவதுபோல, பெரிதாக: 8.0.

செப்டம்பர் 10, புதன்

எட்டுக்குக் குறையாத என்றால் எட்டும் உள்ளே. எட்டுக்கு மேற்பட்ட என்றால் எட்டு வெளியே. இது தெரியாதவனா நான்? முப்பது வருஷம் இதைத்தானே சோறு போட்ட வேலையா செஞ்சேன்?

செப்டம்பர் 15, திங்கள்

காலை பத்தரை மணிக்குத் தம்பியின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், தம்பி ரத்த வாந்தி எடுத்து விழுந்து கிடந்திருக்கிறான். நல்லவேளை, மின்சாரத்தை முன்பே நிறுத்தியிருந்தானாம். அந்தப் பழக்கம் மட்டும் எந்த நிலையிலும் மாறாது.

பொது மருத்துவமனை. கல்லீரல் வார்டு. அதே மருத்துவர். அவருக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. ரத்தக்கசிவை நிறுத்திவிட்டதாகவும், இன்னொரு முறை இப்படி வந்தால் தம்மால் உறுதி தர முடியாதென்றும் சொன்னார். பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தார். நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"ஜூலையில இந்த வார்டுல பாதிக் கட்டில் காலி சார். நர்ஸுங்க நம்பவே இல்ல. இப்போ ஒரு மாசத்துல பதினோரு பேர். பதினோரு பேர்கிட்டயும் கேட்டேன். எல்லாம் அந்த எட்டு பாயிண்ட் சைபர் கேன்தான்." அரசிதழை வாங்கிப் படித்தாராம். "எழுதினவரு ரொம்ப சுத்தமா எழுதியிருக்காரு சார். ஓட்டை இருக்கறதே தெரியாத அளவுக்குச் சுத்தம்."

எழுதியவன் நான் என்று சொல்லவில்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பதினோராவது கட்டில் என் தம்பியுடையது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பழைய அறைநண்பரின் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி. ‘மேற்பட்ட’ என்ற சொல்லை உனக்கு யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "இலக்கணம் பேசினேன். நீ ஒத்துக்கிட்ட. இதுல யாரை யாருப்பா ஏமாத்தினது?" என்றார்.

உட்பிரிவு ஏழில் ‘குறையாத’ என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன் என்றேன். எதிர்ப்பார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "தாராளமா போட்டுக்கோ. எங்க சங்கத்துக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. வேணும்னா எழுத்துலயே தரேன்."

வெற்றி பெற்றவனாக எழுந்து வந்திருக்க வேண்டும். படியிறங்கும்போது காலடியில் ஏதோ சரியில்லாததுபோல் இருந்தது. ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார்?

செப்டம்பர் 28, ஞாயிறு

தம்பி எழுந்து உட்கார்கிறான். கன்னம் ஒட்டிவிட்டது, கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. மனைவி கஞ்சி கொடுத்துவிட்டு மருந்துச் சீட்டோடு கீழே போனாள். நானும் அவனும் மட்டும்.

அவனிடம் சொன்னேன். அந்தச் சொல்லை மாற்றியது நான், கேன் வந்தது அதனால், நீ இங்கே படுத்திருப்பது அதனால். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"அடப்போண்ணா. கேனைத் தொறந்தது யாரு, நீயா?"

பிறகு கேட்டான், இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று. ‘குறையாத’ என்று மாற்றப் போவதை விளக்கினேன். சிரித்தான். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தான்.

"அப்போ ஏழு பாயிண்ட் ஒம்போதுன்னு போட்டு விப்பான். அவ்வளவுதானே?"

போர்வையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"படி கட்டினா எவனும் படிக்குக் கீழதாண்ணா நிப்பான். நீ படியை இந்தப் பக்கம் நகத்து, அந்தப் பக்கம் நகத்து, கீழ நிக்க எடம் இருக்கும். சரிவு போடு." போர்வை மேல் கையைச் சாய்வாக வைத்துக் காட்டினான். விரல்கள் நடுங்கின. "தள்ளுவண்டி ஏத்தறதுக்குப் போடுவோமே, அது மாதிரி. எவ்வளவு ஏறினியோ அவ்வளவு பாரம். நடுவுல ஒதுங்க எடமே கிடையாது."

செறிவின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் தீர்வை. எட்டுக்கு எட்டு மடங்கு, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு மடங்கு. எல்லைக்கோடு என்ற ஒன்றே இல்லாத விதி. ‘குறையாத’வும் வேண்டாம், ‘மேற்பட்ட’வும் வேண்டாம். நான் ஆறு மாதமாக ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் பார்த்தது படியை. அதனால்தான் தேநீர் கொடுத்தார்.

"இதை எப்படிடா கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"எங்க எவ்வளவு கம்மி விலைக்கு எவ்வளவு ஏறும்னு நாங்க பாக்காத கணக்காண்ணா?" என்றான். அதற்கு மேல் அவனும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

இயக்குநருக்குத் திருத்தக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். நான்கு வரைவுகளைக் கிழித்தாயிற்று. "கருத்துக் கேட்பின்போது உட்பிரிவு ஏழில் ஒரு சொல் மாற்றப்பட்டது." நல்ல வாக்கியம், யாரும் குறை சொல்ல முடியாது. கூட்டத்தில் இருந்தவர்கள் பலர். மாற்றப்பட்டது என்றால் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். டிசம்பரில் துணை இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. முதல் பெயர் என்னுடையது.

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். "மாற்றப்பட்டதுன்னா? காத்து வந்து மாத்திடுச்சாங்க?" என்றாள்.

கையேடு, விதி ஒன்பது: செய்தவர் இன்னார் எனத் தெரிந்திருக்கையில் செயப்பாட்டு வினையைப் பயன்படுத்தற்க. அதையும் எழுதியவன் நானே.

அக்டோபர் 3, வெள்ளி

"சங்க ஆலோசகரின் யோசனையை ஏற்று, அதன் விளைவை ஆராயாமல், அச்சொல்லை நான் மாற்றினேன்." இரண்டாம் பத்தி: "என் தம்பி இந்நோயினால் சிகிச்சை பெற்று வருகிறார் என்பதை இதன்மூலம் அறிவிக்கிறேன்." மூன்றாம் பத்தி முதல் ஏழாம் பத்தி வரை: சரிவு. கையெழுத்திட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். எண் விழுந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது. அதற்காகவே முதலில் எண் போட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

மறு ஆய்வுக் குழு. ‘குறையாத’வுக்கு ஆட்சேபணை இல்லை என்றவர்கள், சரிவு என்றதும் பதினைந்து பேராக வந்திருந்தார்கள். சிறு கடைக்காரருக்குப் புரியாது என்றார்கள். ஆலைத் தொழிலாளர் வேலை இழப்பார்கள், கள்ளச்சரக்கு பெருகும் என்றார்கள். கள்ளச்சரக்கைப் பற்றிய கேள்வி நியாயமானது. சோதனைப் பணியாளரின் எண்ணிக்கையை உயர்த்தும்படி என் குறிப்பிலேயே கேட்டிருக்கிறேன் என்றேன். கடைக்காரருக்குப் புரியாதென்பதை ஏற்கவில்லை. செறிவை அவர்களே கேனின் முன்பக்கத்தில் கட்டை விரல் உயரத்துக்கு அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பெருக்கினால் போதும். மருத்துவருக்கு இம்முறை இருபது நிமிடம் கிடைத்தது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் பழைய அறைநண்பர் எழுந்தார். சொல்லத் தமக்கு வருத்தமாக இருப்பதாகத் தொடங்கி, இந்த அதிகாரியின் குடும்பத்தில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் உண்டு, ஆகவே இக்குறிப்பு நடுநிலையானதா என்று குழு யோசிக்க வேண்டும் என்றார். இயக்குநர் என்னைப் பார்த்தார்.

"இரண்டாம் பத்தி, மேடம்" என்றேன்.

அவர் தாளைப் புரட்டிப் படித்தார். நண்பரைப் பார்த்து, "அவரே சொல்லியிருக்காரே" என்றார். பிறகு என்னிடம் கேட்டார், "முதல் பத்தியில இருக்கறது?"

"அதுவும் உண்மைதான், மேடம். நான்தான் மாத்தினேன்."

கதவோரத்தில் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் பொய்.

நவம்பர் 6, வியாழன்

பதிவறைக்கு மாற்றல். தரைத்தளம். டிசம்பர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். லிஃப்ட் ஏற வேண்டிய வேலை இனி இல்லை.

நவம்பர் 10, திங்கள்

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மருத்துவர் தந்த மாத்திரைகளை மனைவி காலை, மதியம், மாலை என்று எழுதிப் பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறாள். "அண்ணி இருக்கற வரைக்கும் எனக்கு அரசிதழே வேணாம்" என்கிறான்.

டிசம்பர் 14, ஞாயிறு

தம்பி குடித்துவிட்டு வந்தான். அதே கேன். இன்னும் அதே விலை.

டிசம்பர் 15, திங்கள்

அவனே காலையில் மருத்துவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். நான் திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி? கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவன் தனியாகத்தான் நடக்கிறான். எல்லாத் திசையிலிருந்தும் யாரோ பணம் செலவழித்து அவனைக் கூப்பிடுகிறார்கள்.

ஜனவரி 12, திங்கள்

அரசிதழ் வந்தது. "செறிவின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும்." என் வாக்கியம்தான், அடியில் வேறொருவர் பெயர். ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அது இல்லாமலும் பொருள் மாறவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கேன் கடைகளில் இருக்கிறது. அதன் விலை இப்போது பழைய போத்தலோடு தோளுக்குத் தோள் நிற்கிறதாம். தம்பிதான் சொன்னான், வாங்கவில்லை, விசாரித்தேன் என்றான். நம்பினேன். சங்கம் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருக்கும், யோசிக்காமல் இருக்காது. மருத்துவர் பதிவறைக்கு ஒரு பழைய கோப்பு கேட்டு வந்தார். போகும்போது, "மூணு கட்டில் காலி. இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்றார். குழுக் கூட்டத்துக்குப் பிறகு நின்றுபோயிருந்த ‘சார்’ திரும்ப வந்திருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பதிவறைத் தொலைபேசி பதினொரு மணிக்கு ஒலித்தது. இந்த மாதம் வேலைக்குத் திரும்பிய தம்பி.

"மூணாவது மாடியில இருக்கேண்ணா. கொஞ்சம் மேல வா. உன் நோட்டீஸை நீயே வந்து கிழிச்சுக்கோ. நான் கிழிச்சா ‘அனுமதி பெற்றாயா’ன்னு கேப்ப."

நான்கு மாதங்களுக்குப் பிறகு லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் தளத்தில் கதவு திறந்தது. பழக்கத்தில் காலை உயர்த்தி வைத்தேன், தேவைப்படவில்லை. தட்டச்சர் அம்மாள் பார்த்துச் சிரித்தார். தம்பி தரையில் மண்டியிட்டு, திருப்புளியை வலக்கையில் பிடித்தபடி, லிஃப்டின் தரைக்கும் தளத்தின் தரைக்கும் குறுக்கே இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் ஒரு தாள்கூட நுழையாது.

அறிவிப்பைப் பசையோடு உரித்து எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.